ரைட்டில்தான் தேய்மானம்

2009ஆம் ஆண்டு ஜூன் நான்காம் தேதி, வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, வேலூர் மாவட்டத்தில் உள்ளங்கால் மரத்துப்போன நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் கால் கூசியது. இருபத்திரண்டு நிமிடம் கூசிவிட்டு நின்றது. மறுநாளும் அதே நேரத்துக்குத் தொடங்கியது. அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரின் கால் அளவும் ஆம்பூரில் ஒரே கம்ப்யூட்டரில் இருந்ததும், அந்தக் கம்ப்யூட்டருக்கு முந்தின நாள்தான் புது டிஸ்க் மாட்டியிருந்ததும் ஆகஸ்ட் மாதம் வரை யாருக்கும் உறைக்கவில்லை.

ஆம்பூரில் நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு ஷூ கம்பெனி, 1998இலிருந்து ஏற்றுமதி வேலைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஷெட்டில், காலில் உணர்ச்சி இல்லாதவர்களுக்கான மெத்தென்ற செருப்புகளையும் செய்துவந்தது. தொழுநோய் மருந்தில் குணமாகியும் உணர்ச்சி மட்டும் திரும்பாதவர்கள், சர்க்கரையில் கால் மரத்தவர்கள் எல்லோரும் அங்கே வந்தார்கள். அவர்களுடைய பாதங்களை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஃபீபியின் வேலை. லெஃப்ட் என்று ஒரு ஃபோல்டர், ரைட் என்று ஒரு ஃபோல்டர். வேறு வம்புதும்பு கிடையாது. பழைய டிஸ்க்குகள் உள்ளே தட்டு சுற்றுகிற வகை. தோல் தேய்க்கும் மெஷினிலிருந்து பறக்கும் தூசி புகுந்து 2002இல் ஒன்றும் 2006இல் ஒன்றும் செத்தன. அந்தக் காலத்திலும் தினமும் பதினொன்றரைக்கு வைரஸ் ஸ்கேன் ஓடியது. அப்போதெல்லாம் கால் அளவு கொடுத்தவர்களுக்குத் தலை சுற்றியது. பித்தம் என்று பத்து வருடம் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தார்கள். முற்பகல் வெயிலில் தலை சுற்றினால் காரணம் கேட்கும் வழக்கம் நம் மாவட்டத்தில் இல்லை. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வரும் ரஃபி அகமது, தூசிக்கு அசையாது என்று சொல்லி, சுற்றாத டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். தலைசுற்றல் அன்றோடு நின்றது. கூச்சம் ஆரம்பித்தது.

திமிரிக்குப் பக்கத்தில் வேர்க்கடலை போட்டிருந்த கெங்கம்மாளுக்குப் பதினெட்டு வருடமாக இரண்டு பாதத்திலும் உணர்ச்சி கிடையாது. வலது பாதத்தில் மூன்று முறை புண் வந்து ஆறியிருந்தது. நான்காவது வந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் கூச்சம் வந்தபோது அவள் வாய்க்காலில் நின்றிருந்தாள். சேறு குளிர்ச்சியாக இருக்கிறது என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இரண்டாவது வாரத்திலிருந்து அழுவதை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். தினமும் பதினொன்றரைக்குச் செருப்பைக் கழற்றி, கிணற்றடிக் கல்லில் ஒவ்வொரு விரலாக, குதிகாலாக அழுத்திப் பார்ப்பாள். எங்கே சுருக்கென்கிறதோ அங்கே அவள் புருஷன் முனிரத்தினம் ஊசியோடு குனிவார். ஆகஸ்ட் முடிவதற்குள் பதினோரு முள், ஒரு வளையல் துண்டு, பம்ப்செட் கம்பித் துணுக்கு ஒன்று, எல்லாம் புண்ணாகும் முன்பே வெளியே வந்தன. ஆம்பூரில் ஸ்கேன் அன்றன்றைய வைரஸைத் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் இதுவும் நடந்தது.

வியாழக்கிழமை செருப்பு கொடுக்கும் நாள். ஆகஸ்டில் ஒரு வியாழன், பெஞ்சில் காத்திருந்த ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் காலை மடக்கிக்கொண்டு சிரித்தார்கள். “இன்னா மேடம், கூசுது” என்றார் நாட்றம்பள்ளியில் டீக்கடை வைத்திருந்த அப்துல் வஹாப். ஃபீபி மணியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், ஸ்கேனை நிறுத்தினாள். சிரிப்பு நின்றது. ஓடவிட்டாள், சிரித்தார்கள். இப்படி நான்கு முறை ஆனதும், பெஞ்சின் கடைசியில் இருந்த கெங்கம்மாள் பொறுக்கமாட்டாமல், “பேஜார் பண்ணாதம்மா, நிறுத்தாம வுடு” என்றாள். ஃபீபி ஒரு நிமிடம் ஜெபம் பண்ணிவிட்டு மேனேஜர் ரிச்சர்டிடம் போய்ச் சொன்னாள். இதனால் புரொடக்‌ஷன் குறையுமா என்று அவர் கேட்டார். குறையாது என்றாள். அப்படியானால் ஓடட்டும் என்று கையெழுத்து போடப் போய்விட்டார்.

ஃபீபிக்குத்தான் நிம்மதி போயிற்று. இந்த வகை டிஸ்க்குக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு, வைரஸ் ஸ்கேன் அதைத் தின்றுவிடும் என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் அப்போது பேசிக்கொண்டார்கள். ஆயுளைக் காட்டும் ஒரு கட்டத்தை ரஃபி திரையில் வைத்துக் கொடுத்திருந்தார். ஜூனில் நூறு சதவீதம் இருந்தது செப்டம்பரில் தொண்ணூற்றொன்பது ஆனது. நானூற்றுப் பன்னிரண்டு பேரின் கால் தன் மேசைக்கடியில் தேய்வதை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே ரஃபிக்குப் போன் போட்டு, ஸ்கேனை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள்.

“மொத்தமா நிறுத்த வேணாம் மேடம். தேய்மானம் ரைட்லதான். ரைட்ட கம்மி பண்ணுங்க, ஜாஸ்தி நாள் நிக்கும்” என்றார் ரஃபி. லெஃப்டுக்கு ஒன்றும் ஆகாதா என்று அவள் கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு ரைட் என்றால் எழுதுவது. ஷூ கம்பெனியில் ரைட் என்றால் வலது கால். அதற்கு வேறு அர்த்தம் இருக்கக்கூடும் என்று ஆம்பூரில் யாரும் யோசித்ததில்லை. போதாக்குறைக்கு, தேய்ந்து திரும்பி வரும் செருப்புகளில் வலதுதான் முதலில் தேய்ந்திருக்கும் என்பதை ஃபீபி பதினோரு வருடமாகப் பார்த்திருக்கிறாள். ரைட் ஃபோல்டரை ஸ்கேன் தொடாதபடி விலக்கி வைத்தாள். அன்றிலிருந்து மாவட்டம் முழுக்க இடது கால் மட்டுமே கூசியது. அதுவாவது மிச்சம் என்றார் அப்துல் வஹாப்.

கெங்கம்மாளின் வலது கால் மறுபடி கட்டையானது. மாலைதோறும் முனிரத்தினம் அவள் பாதத்துக்கடியில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. சீமைக் கருவேல முள் ஒன்று சுண்டுவிரலுக்குக் கீழே வெடிப்பின் வழியாகப் போய் உள்ளேயே ஒடிந்திருந்தது. ரைட்டை விலக்கிய பன்னிரண்டாம் நாள் கால் வீங்கி, ஜுரம் வந்து, வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முள் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. திங்கட்கிழமைக்குள் வீக்கம் வடியாவிட்டால் காலை எடுத்துவிடுவது என்று முடிவானது.

சனிக்கிழமை மதியம் முனிரத்தினம் பஸ் பிடித்து ஆம்பூருக்கு வந்தார். ஷெட் வாசலில் நின்று, “இன்னா மேடம், எங்கூட்டுக்காரி ரைட்டு காலு எங்க போச்சி?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை. ரைட்டில்தான் தேய்மானம் என்று ரஃபி பாய் சொன்னார், அதனால்தான் விலக்கி வைத்தேன் என்றாள் ஃபீபி. பக்கத்து அறையில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்த ரஃபி அதைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

“நான் சொன்னது எழுதுற ரைட்டு மேடம்! எழுதினாத்தான் தேயும், படிச்சா தேயாது. ஸ்கேன் சும்மா படிச்சிட்டுப் போவுது, அவ்ளோதான். அது எழுதறது ரொம்ப கம்மி. இந்த டிஸ்க்கு நம்ம காலத்துக்கு மேல நிக்கும்.”

ஃபீபி அழவில்லை, அழுவதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தாள். ரைட் ஃபோல்டரைத் திரும்பச் சேர்த்து, நேரம் பார்க்காமல் ஸ்கேனை ஓடவிட்டாள். அப்போது மணி இரண்டேகால்.

வேலூரில் அந்த இரண்டேகாலுக்குக் கெங்கம்மாள் போட்ட கூச்சலில் நர்ஸ் கிருபா ஓடிவந்தாள். “நோவுதும்மா! இங்க, இங்கதான் நோவுது!” என்று கெங்கம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு இடத்தில் விரலை வைத்தாள், எடுக்கவே இல்லை. அந்த விரலைச் சுற்றி கிருபா பேனாவால் வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் டாக்டர் கீறியதும் ஓர் அங்குல முள் வந்தது. சுண்டுவிரல் ஏற்கெனவே அழுகிவிட்டிருந்ததால் அதை எடுத்தார்கள். கால் தப்பியது.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, புது அளவு எடுக்கக் கெங்கம்மாள் ஆம்பூருக்கு வந்தாள். ஃபீபி தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, “என்னாலதான்மா” என்றாள். “வுடும்மா. ஒரு வெரலோட போச்சே” என்றாள் கெங்கம்மாள். நான்கு விரலுக்கு அளந்தாயிற்று. பழைய அளவை அழித்துப் புதியதை எழுத ஃபீபி மேசைக்குப் போனாள்.

“எழுதினா தேயுமாமே?”

“கொஞ்சூண்டுதாம்மா. ஒண்ணும் ஆவாது.”

“அதுக்கில்ல. பழச அழிக்காத” என்றாள் கெங்கம்மாள். “பதினொன்னரைக்கு அந்த வெரலும் வருது.”

ஃபீபி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். செருப்பு பழைய அளவிலேயே, ஐந்து விரலுக்கும் இடம் விட்டுத் தைக்கப்பட்டது.