பதினோராம் நம்பர் ஷூ

"விடு டெஸ்மண்ட், கையை விடு!"

சமையலறையை ஒட்டிய இருட்டு வழியில் பெர்னி திமிறினாள். தொகுப்பாளன் டெஸ்மண்ட் பிடியைத் தளர்த்தவில்லை. மேடையில் சக காமெடியன் ட்ரென்ட் அவளுடைய ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்கிற பௌலிங் ஆடப் போனாரு. அங்க குடுத்த வாடகை ஷூவைக் கழட்ட மறந்து அப்படியே வீட்டுக்கு வந்துட்டாரு. சிவப்பும் பச்சையும், குதிகால்ல இம்மாம் பெரிய சைஸ் நம்பர். என் கல்யாணத்துக்கே அதுலதான் வந்தாரு!"

மில்வாக்கியின் அந்தச் சின்ன காமெடி கிளப் சிரிப்பில் அதிர்ந்தது. நான்காவது மேஜைப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"அவனுக்குக் கல்யாணமே ஆகலையேடி!" என்றான் டெஸ்மண்ட்.

பெர்னி கடைசி வரிசையைப் பார்த்தாள். டிவிக்கு ஆள் எடுக்க நியூயார்க்கிலிருந்து வந்திருந்த மிஸ் ஹால்வர்சன். இன்று ஒரே ஒருவருக்குத்தான் வாய்ப்பு. பெர்னி தன் நிகழ்ச்சியை முடிப்பதற்கு வைத்திருந்ததே அந்த ஷூ ஜோக்தான். இனி சொன்னால் அவள்தான் திருடி.

"மேடையில போட்டு உடைச்சிடு" என்றான் டெஸ்மண்ட்.

"புலம்பினா எவன் சிரிப்பான்? நீ என் பேரைக் கூப்பிடு. நான் பார்த்துக்கறேன்."

ஏறினாள்.

"என் புருஷன் ஜனவரியில என்னை விட்டுட்டுப் போக முடிவு பண்ணான். குளிர்ல கார் ஸ்டார்ட் ஆகல. மார்ச் வரைக்கும் சந்தோஷமா இருந்தோம்."

கூட்டம் அவள் கைக்கு வந்துவிட்டது. எதிர்ச் சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் ஒரு நிமிடம். மீறினால் இந்த கிளப்பில் மறுபடி மேடை கிடையாது.

"ட்ரென்ட்டோட ஷூ கதை பிடிச்சுதா?"

கைதட்டல். பார் ஓரத்தில் ட்ரென்ட் பீர் பாட்டிலை உயர்த்தினான்.

"ட்ரென்ட் தம்பி, குதிகால்ல என்ன நம்பர்?"

பாட்டில் பாதியில் நின்றது. "ம்... ஒன்பது?"

"ஐயோ, சொந்த அப்பா கால் சைஸ் தெரியலையே! நாலாவது மேஜை சார், கொஞ்சம் உதவி பண்ணுங்க."

பெரியவர் பாப்கார்ன் கிண்ணத்தை நகர்த்திவிட்டு, வலது காலை மேஜை மேல் வைத்தார். சிவப்பும் பச்சையுமாய் வெடித்த தோல். குதிகாலில் கொட்டை எழுத்தில் பதினொன்று.

சிரிப்பில் கூரை பறந்தது. மிஸ் ஹால்வர்சன் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தாள். ட்ரென்ட் கோட்டைத் தேடினான்.

பெர்னி மைக்கை ஸ்டாண்டில் மாட்டியபடி குனிந்தாள்.

"அப்பா, இன்னொரு காலையும் காட்டுங்க."