ஹுர்சனாய் யங்காவின் வலது கன்னம்

என் கை தங்கக் கை என்று ஊரே சொல்லும். ஊருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

ஜலால்-அபாத்தில் நிகோராவின் அழகு நிலையத்தில் ஃபேஷியல் செய்கிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான், மவ்ஜூதா. இன்னொருத்தி பெகாயிம். தலைநகர் பிஷ்கெக்கில் படித்துச் சான்றிதழோடு வந்த சின்னப் பெண். அவள் கையுறை போடாமல் யார் முகத்தையும் தொடமாட்டாள். நான் கையுறை போட்டு யார் முகத்தையும் தொட்டதில்லை. இதை வைத்தே எங்களுக்குள் தினமும் வாய்த் தகராறு.

"அக்கா, ஒரு பரு உடைஞ்சா ரத்தம் உங்க நகத்துக்குள்ள போகுது. அடுத்த முகத்துக்கும் அதே நகம்தானே?"

"கழுவ மாட்டேனாடி நான்? தோலுக்கடியில சூடு இருக்கா, கட்டி இருக்கான்னு விரல்தான் சொல்லும். ரப்பருக்கு என்னடி தெரியும்? அது ஊமை."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷி. எனக்குத்தான் வாய் நிற்காதே! போன வருஷம் ஒரு நாள் பெண்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எடுத்து விட்டேன்: "உறை போட்ட கையால மனுஷ முகத்தைத் தொடுறது யாரு? நம்ம ஊர்ல செத்துப்போன மையத்தைக் குளிப்பாட்டுறவதான்!"

"தௌபா, தௌபா" என்று எல்லாரும் கெட்டது ஒட்டாமலிருக்கச் சட்டைக் கழுத்துக்குள் துப்பிக்கொண்டார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு கடைவீதி முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. அதன் பிறகு ஒரு மணப்பெண்கூட பெகாயிமின் கட்டிலில் படுக்கவில்லை. நிக்காஹுக்கு முன்னால் மையத்துக் கையை யார் கேட்டு வாங்குவார்கள்? எனக்கு அப்போது அது வெற்றியாகத்தான் தெரிந்தது.

இலையுதிர் காலம் வந்தது. எங்கள் பக்கம் அக்ரூட் கொட்டை மரத்திலிருந்து இறங்கிய கையோடு கல்யாணங்கள் தொடங்கிவிடும். நிகோரா மணப்பெண்களுக்கென்றே தனி அறை கட்டினாள். பெரிய கண்ணாடி, ரோஜா நிறத் திரை, ஜன்னல். அந்த அறை யாருக்கு? நிகோரா சாமர்த்தியக்காரி, பொறுப்பை ஹுர்சனாய் யங்காவின் தலையில் போட்டாள். யங்கா என்றால் மணப்பெண்ணின் முழங்கையைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்குள் கூட்டிப் போகிறவள். ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு ஹுர்சனாய்தான் யங்கா. அவள் கண்ணசைக்காமல் எந்தப் பெண்ணும் எந்த அழகு நிலையத்துப் படியையும் மிதிக்கமாட்டாள்.

"பாதி மூஞ்சி உனக்கு, பாதி அவளுக்கு" என்றாள் யங்கா. "என் கண்ணைக் கட்டிருங்க. யாரு எந்தப் பக்கம்னு எனக்குச் சொல்லக் கூடாது. எந்தக் கன்னம் நல்லா இருக்கோ, அவளுக்குத்தான் அறை. திங்கக்கிழமை வரேன்."

எனக்கு அந்த அறை வேண்டும். மணப்பெண் அறையில் நிற்கிறவளின் பெயரைத்தான் விருந்தில் சொல்வார்கள். ஜன்னலில்லாத மூலையில் நின்றே என் இளமை போய்விட்டது. ஒரு முறையாவது என் பெயரை விருந்தில் சொல்லிக் கேட்க வேண்டும். அவ்வளவு அற்ப ஆசைக்காரி நான்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டாரோடு அர்ஸ்லான்பாப் காட்டுக்கு அக்ரூட் பொறுக்கப் போனேன். அந்த வாரம் யார்தான் போகவில்லை! பச்சைத் தோலை உரிக்க உட்கார்ந்ததும் நாத்தனார் ஒரு ஜோடி ரப்பர் உறையை நீட்டினாள்.

"போட்டுக்கோ மவ்ஜூதா. நாளைக்கு உனக்குப் போட்டி இருக்கே."

"நானா? உறையா? யாராவது பார்த்து ஊருக்குள்ள போய்ச் சொன்னா என் மானம் என்ன ஆகுறது?"

வெறுங்கையால் உரித்தேன். பேச்சு சுவாரசியத்தில் மூட்டை மூட்டையாக உரித்தேன். பொழுது சாயும்போது குனிந்து பார்த்தால் இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுப்பு. அக்ரூட் தோலின் சாறு ஒட்டினால் தோல் உரிந்து புதுத் தோல் வரும்வரை போகாது. இது எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்கு மறந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயாலும் கெட்டேன், கையாலும் கெட்டேன்.

எலுமிச்சையைத் தேய்த்தேன். புளித்த மோரில் ஊற வைத்தேன். தரை கழுவுகிற மருந்தைக்கூட ஊற்றினேன். கை எரிந்ததுதான் மிச்சம். ரொட்டி விற்கிறவனுக்கும் வண்டி ஓட்டுகிறவனுக்கும் கறுப்புக் கை இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? முகத்தைத் தொட்டுப் பிழைக்கிறவளுக்கு இருக்கலாமா? வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் அந்தக் கை கரிமூட்டைக்குள்ளிருந்து எடுத்தது மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய், பெகாயிமின் டப்பாவிலிருந்து ஒரு ஜோடி கையுறையைத் திருடினேன். ஆமாம், நானேதான்! அவளுடைய அளவு என் தடித்த விரல்களுக்கு ஏறவே மாட்டேன் என்றது. மூச்சைப் பிடித்து ஏற்றி, சட்டையின் நீளக் கையை விரல்நுனி வரை இழுத்துவிட்டு, புது அறைக்குள் போய் நின்றேன்.

யங்கா வந்து படுத்தாள். நிகோரா அவள் கண்ணில் பஞ்சு வைத்துத் துணியால் கட்டிவிட்டு வெளியே போனாள். பெகாயிம் இடது பக்கம், நான் வலது பக்கம். சட்டைக் கையை மேலே ஏற்றினேன். பெகாயிம் என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே அவள் காலில் விழுந்தேன். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிரீமை எடுத்தாள்.

நானும் தொடங்கினேன். தடவித் தடவிப் போகும்போது கன்ன எலும்புக்குக் கீழே கடுகளவு ஒரு கட்டி தட்டுப்பட்டது. மூக்கோரம் தோல் வறண்டிருப்பதும், தாடையில் பழைய தழும்பு ஒன்று இருப்பதும் தெரிந்தது. ஊமை ரப்பர் ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை நாளும் நான் கத்தியதெல்லாம் என்ன?

"ஆ… வலது பக்கம்தான்!" என்றாள் யங்கா. "இடதும் நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா இந்த வலது பக்கம் இருக்கே… இது மவ்ஜூதா கைதானே? வெறுங்கைன்னா வெறுங்கைதான்! இந்தச் சூடு ரப்பர்ல வருமா? ஏய் நிகோரா, அறை மவ்ஜூதாவுக்குத்தான்!"

திரைக்கு வெளியே காத்திருந்த பெண்கள் கை தட்டினார்கள். ஜெயித்துவிட்டேன். உடனே கையைப் பின்னால் மறைத்திருக்க வேண்டும். பாராட்டைக் கேட்டு மயங்கி நின்றதில் அந்த யோசனையே வரவில்லை. யங்கா கண் கட்டோடு எழுந்து உட்கார்ந்து, "உன் கை நோவு காணாம இருக்கணும்டி" என்று வாழ்த்திக்கொண்டே என் இரண்டு கையையும் எட்டிப் பிடித்தாள்.

பிடித்தவள் ரப்பரை விரலால் தடவிப் பார்த்தாள். கண் கட்டை அவிழ்த்தாள். என் வலது கையுறையைச் சரக்கென்று உருவினாள். உள்ளே என் கரிக் கை.

"இது என்னடி?"

"அக்ரூட், யங்கா."

"அதைக் கேட்கல. உறை போட்ட கையால என்னைத் தொட்டியா? மையத்தைக் குளிப்பாட்டுறவதான் அப்படித் தொடுவான்னு ஊரெல்லாம் சொன்னவ நீதானே? அப்ப நான் என்ன மையத்தா?"

நான் இடது கையைப் பின்னால் ஒளித்தேன். பெகாயிம்தான் பேசினாள்.

"நீங்க நல்லா இருக்கீங்க யங்கா. சூடு தெரியுதுன்னு இப்பத்தானே சொன்னீங்க? அந்தச் சூடு கிளவுஸ் வழியாத்தான் வந்துச்சு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா? பார்த்துக்கிட்டு ஏன் சும்மா இருந்தே?"

"எந்தக் கன்னம் ஜெயிச்சாலும் கிளவுஸ்தானே ஜெயிக்கும்? அதான்." சிரித்துக்கொண்டே சொன்னவளின் குரல் உடைந்தது. "போன வருஷத்துல இருந்து ஒரு கல்யாணப் பொண்ணுகூட என்கிட்ட வரல யங்கா. என்னைக் கண்டா எதிர்ப்பக்கமா ஒதுங்கிப் போறாங்க."

யங்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த இடத்திலேயே தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு, அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, பாவி!

"கொட்டைக்கு உறை போட வேண்டியவ வெறுங்கையா உரிச்சிருக்கா" என்றாள் யங்கா. "அறை பெகாயிமுக்கு. என் பொண்ணுங்களை நானே முழங்கையைப் பிடிச்சு இவகிட்ட கூட்டிட்டு வரேன். எவ வாயைத் திறக்கிறான்னு பார்க்கிறேன்."

நான் தலையாட்டினேன். ஜன்னல் போயிற்று, விருந்தில் சொல்லப்போகிற பெயரும் போயிற்று. மூலைக்கே போகலாம் என்று திரும்பினேன்.

"எங்கடி போறே? நெத்தி பாக்கி இருக்கு. யாரு முடிப்பா?" யங்கா மறுபடி படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "நீயே முடி. வலது கன்னம் நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன்."

என்னிடம் மிச்சம் இருந்தது இடது கையில் ஒரே ஒரு உறை, அதுவும் கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்தது. பெகாயிம் டப்பாவைக் கையில் எடுத்தாள், ஆனால் நீட்டவில்லை.

"ஒரு ஜோடி குடும்மா" என்று முணுமுணுத்தேன்.

"கேட்கல அக்கா."

திரைக்கு வெளியே நிகோராவும் ஐந்தாறு பெண்களும் மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்குத் தேநீர் குடித்துக்கொண்டு சிரித்த அதே பெண்கள்தான்.

"பெகாயிம்! எனக்கு ஒரு ஜோடி கிளவுஸ் குடு!" என்று கடைவீதிக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

கொடுத்தாள். நான் போட்டுக்கொண்டேன்.