முத்லக்கின் வலது காது

உலகத்தில் மனிதக் காதுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் டீசல் எஞ்சினின் நோயைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடிய காது ஒன்றே ஒன்றுதான். அது மஆன் ஊரைச் சேர்ந்த முத்லக்கின் தலையில், வலது பக்கம் இருந்தது. இதை முத்லக் பெருமைக்காகச் சொல்லிக்கொள்ளவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்பவன் பெருமையா அடித்துக்கொள்கிறான்? இடது காது சாதாரணக் காதுதான் என்பதை அவனே ஒப்புக்கொள்வான். மனைவி பேசும்போது அதைத்தான் கொடுப்பான்.

அகபா துறைமுகத்தில் கோதுமை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரிக்காரர்கள் எல்லாருக்கும் அந்தக் காதைப் பற்றித் தெரியும். தெரியாமல் தப்பித்துப் போக முத்லக் யாரையும் விட்டதில்லை. தேநீர்க் கடையில் யாருடைய வண்டியாவது உறுமிக்கொண்டு வந்தால் போதும், கண்களை மூடித் தலையைச் சாய்த்து, "நாலாவது நாசில் ஒழுகுது" என்பான். வண்டிக்காரன் தனக்கு அப்படியொரு குறையே இல்லை என்றால், "இப்ப இல்ல, வரும்" என்பான். எந்த வண்டிக்கும் ஒருநாள் வரத்தானே செய்யும். காது இதுவரை தோற்றதில்லை.

இப்படிப்பட்ட காதுக்குச் சொந்தக்காரன் ஓட்டிய லாரிதான் ஒரு மாதமாக நோயில் கிடந்தது என்பதை முத்லக் விதியின் கேலி என்று எடுத்துக்கொண்டான். லாரியின் பெயர் ஷக்ரா. செம்பட்டைக் குதிரைக்கு வைக்கிற பெயர். ஒரு காலத்தில், மஆனுக்குப் போகும் வழியில் இருக்கும் நகப் மலை ஏற்றத்தை அது குதிரையாகவே ஏறியது. இப்போது பாரத்தோடு முதல் வளைவைத் தாண்டுவதற்குள் இழுவை போய்விடும். கியரைக் குறைத்து, இன்னும் குறைத்து, கடைசியில் நடந்து போகும் ஒட்டகங்கள் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துவிட்டுக் கடந்து போகும். பின்னால் கரும்புகை, கல்யாண வீட்டு அடுப்பு போல. டீசல் குடிப்பதோ, கேட்கவே வேண்டாம்.

காது தன் கடமையைச் செய்தது. முதலில் "நாசில்" என்றது. டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் மாற்றப்பட்டன. புகை அப்படியே இருந்தது. அடுத்து "பம்பு" என்றது. பம்பைக் கழற்றிச் சரிபார்த்துத் திரும்ப மாட்டினார்கள். புகை கொஞ்சம் கூடியது. டீசலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்றது காது. ஒரு காது இதற்குமேல் என்ன செய்யும்? கடைசியில், கண்பட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கும் பரிகாரம் செய்தான். நீலக்கண் படம் போட்ட ஒட்டுத்தாள் ஒன்றை வாங்கி, காற்று வடிகட்டிக் கூட்டின் மேல் இருந்த சின்னக் கண்ணாடிச் சில்லின் மேல் ஒட்டினான். அந்தச் சில்லில் ஒரு மாதமாகச் சிவப்பாக ஏதோ தெரிந்துகொண்டு கண்ணை உறுத்தியது. ஒட்டியபின் உறுத்தல் நின்றது.

ஆனால் உம்மு தலாலின் உறுத்தல் நிற்கவில்லை. மூன்று லாரிகளுக்குச் சொந்தக்காரி அவள். மஆனில் மெத்தையில் சாய்ந்தபடி, கைப்பேசியாலேயே மூன்றையும் ஓட்டுபவள். அன்று காலை அகபாவில் கோதுமை ஏறிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"முத்லக், இன்னைக்கு நீயும் சுவைலிமும் ஒரே பாரம். குவைராவுல ரெண்டு பேரும் டேங்க் முட்ட நிரப்புங்க. ஏத்தம் ஏறி மஆன் வந்ததும் திரும்ப நிரப்புவாங்க. சுவைலிம் வண்டிய விட ஷக்ரா ஒரு வாளிக்கு மேல கூடக் குடிச்சிருந்தா, ஸர்க்கா ஊர்ல வண்டி உடைக்கிறவன் கையில குடுத்துருவேன்."

"ஹாஜியா, என் காது என்ன சொல்லுதுன்னா..."

"உன் காதுக்கும் வேலை பார்த்து வச்சிருக்கேன். கோழிப்பண்ணைக்குத் தண்ணி வண்டி ஓட்டு. கோழிங்க நெறய பேசும். கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

முத்லக் தன் கவலைகளை எண்ணிப் பார்த்தான். ஷக்ராவை உடைப்பார்கள் என்பதை நினைத்தால் ஒரு கவலை. நகப் ஏற்றத்து டிரைவர்கள் எல்லாரும் அவன் ஓட்டும் தண்ணீர் வண்டிக்குக் கேலியாக ஒலி எழுப்பி வழிவிடுவார்கள் என்பதை நினைத்தால் இன்னொரு கவலை. இரண்டாவது கொஞ்சம் பெரிது.

சுவைலிம் அவன் மனைவியின் அண்ணன், உம்மு தலாலின் இன்னொரு லாரியை ஓட்டுபவன். நிதானத்தின் மறு உருவம். ஒரு வார்த்தை கேட்டால், அடுப்பில் வெங்காயம் வதங்குகிற நேரம் கழித்துத்தான் பதில் சொல்வான். எந்த நிறுத்தத்தில் நின்றாலும் அவனுக்கு ஒரு சடங்கு உண்டு. எஞ்சினை அணைப்பான். இறங்கி, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒவ்வொன்றின் நடுவிலும் புறங்கையை வைத்துவைத்து எடுத்துக்கொண்டே போவான். துக்க வீட்டில் வரிசையாக நிற்கும் உறவினர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டு போகிறவனைப் போல. மறுபக்கமும் அப்படியே வந்து, கடைசியில் டிரைவர் கூண்டின் பின்னால் ஏறி, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் வாய்க்கு நேராக உள்ளங்கையைக் காட்டுவான். அதற்காக மட்டும் எஞ்சினை ஒருமுறை உயிர்ப்பித்து, பிறகு மறுபடி அணைப்பான்.

இந்த ஊர்வலம் முத்லக்குக்குத் தினசரிப் பண்டிகை. குவைராவில் டேங்க் நிரப்பியபின், லாரியின் பக்கப் பெட்டியில் இருந்த அடுப்பை இழுத்து சுவைலிம் வெங்காயமும் தக்காளியும் வதக்கத் தொடங்கியபோது, முத்லக் ஆரம்பித்தான். சுற்றிலும் கோதுமை லாரிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் இருந்தால் முத்லக்குக்குக் கவலை கொஞ்சம் குறையும்.

"இத்தனை சக்கரத்துக்கும் சலாம் சொன்னியே மச்சான், ஒண்ணாவது பதில் சொல்லுச்சா?"

சுவைலிம் கரண்டியால் தக்காளியை ஒதுக்கினான்.

"பின்னால ஒண்ணுகிட்ட ரொம்ப நேரம் நின்ன மாதிரி இருந்துச்சு. காய்ச்சலா? குடும்பத்துல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டியா?" என்றான் முத்லக். கூட்டம் சிரித்தது. பிறகு குழாயின் வாயில் கை வைப்பதை நடித்துக் காட்டினான். சாகக் கிடப்பவனின் மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, உறவினர்களுக்குச் சொல்லியனுப்பச் சொல்லும் பாவனை. தேநீர் ஊற்றுபவன் சிரித்த சிரிப்பில் கெண்டி தளும்பியது.

வெங்காயம் வதங்கியது. சுவைலிம் வாயைத் திறந்தான்.

"சக்கரம் சுட்டா பிரேக் விடலன்னு அர்த்தம். பிரேக்க இழுத்துக்கிட்டே ஏறினா டீசல் எப்படிப் பத்தும்? அப்புறம், எஞ்சின் மூச்சு இழுக்குதான்னு பாக்கணும்." ரொட்டியைக் கிழித்துக்கொண்டே இன்னொன்றையும் சொன்னான். "எங்கம்மா கேட்டாங்க மாப்ள. பெருநாளுக்குக் குடுத்த ஷமாக் எங்கன்னு. ஒரு மாசமா வேற துணியத் தலையில கட்டியிருக்கியாமே."

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் இப்போது முத்லக்கின் தலையைப் பார்த்தது. மாமியார் கொடுத்தது நல்ல சிவப்புக் கட்டம் போட்ட, கையால் குஞ்சம் கட்டிய தலைத்துணி. முத்லக்கின் தலையில் இருந்ததோ சிமெண்ட் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்தது.

"அகபா துறைமுகத்துல எவனோ திருடிட்டான்னு எத்தனை தடவ சொல்றது?" என்றான் முத்லக். "கண்ணு முன்னாடியே போயிருச்சு."

அதற்குமேல் உட்கார அவனுக்கு இஷ்டமில்லை. முதலில் கிளம்பினால் முதலில் ஏறிவிடலாம் என்று ஷக்ராவைக் கிளப்பினான்.

ஷக்ரா சமதளத்தில் மரியாதையாகவே ஓடியது. ஏற்றத்தின் முதல் வளைவு தெரிந்ததும் பழைய கதை. இழுவை கரைந்தது. முத்லக் வலது காதைத் திறந்து வைத்துக் கேட்டான். எஞ்சின் இருமியது, என்ன நோய் என்று சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் இருந்த பாலைவனம் முழுக்கக் கரும்புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து சுவைலிமின் லாரி, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், நிதானமாக வெளியே வந்து அவனைக் கடந்து போனது. சுவைலிம் ஒலி எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று முத்லக்குக்குத் தோன்றியது.

அகலமான ஓரம் வந்ததும் நிறுத்தினான். நல்ல மத்தியானம். கீழே சமவெளி காய்ந்துகொண்டிருந்தது. மேலே இன்னும் முழு ஏற்றமும் பாக்கி. இப்படியே ஏறினால் வாளிக் கணக்கு மேலே போவதற்குள் முடிந்துவிடும். எஞ்சின் மூடியின் மேல் வலது காதை வைத்தான். காது சுட்டதுதான் மிச்சம். இடது காதையும் வைத்துப் பார்த்தான். அதுவும் சுட்டது.

முன்னாலும் பின்னாலும் சாலையைப் பார்த்தான். யாருமில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு ஒட்டகம் மட்டும் நின்றது. அது காட்டிக் கொடுக்கிற ஜாதியில்லை.

முத்லக் முன் சக்கரத்தின் அருகே குனிந்து, ஷூவின் கயிற்றைக் கட்டுபவனைப் போல, புறங்கையை நடுவில் வைத்தான். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அடுத்தது. அதற்கடுத்தது. எதுவும் சுடவில்லை. 'பாத்தியா, வேஸ்டு' என்று மனதுக்குள் சுவைலிமிடம் சொல்லிக்கொண்டே மறுபக்கமும் போய்வந்தான். பிறகு, வந்தது வந்தாயிற்று என்று, எஞ்சினை ஓடவிட்டுக் கூண்டின் பின்னால் ஏறி, காற்றுக் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தான்.

ஒன்றுமில்லை. மூச்சே இல்லை. சுவைலிமின் லாரியில் இந்த இடத்தில் கை வைத்தால் சட்டைக்கை உள்ளே இழுபடுவதை அவனே பார்த்திருக்கிறான். சிரித்தும் இருக்கிறான். ஷக்ராவோ ஒரு துரும்பைக்கூட இழுக்கவில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டுக் குழாயின் மேல் மூடியைக் கழற்றினான். உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. விரலைக் கொடுத்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். சுட்ட ரொட்டி போல விறைத்து, களிமண் நிறத்தில் ஒன்று வெளியே வந்தது. அதன் ஓரத்தில் குஞ்சம் இருந்தது.

கையால் கட்டிய குஞ்சம்.

முத்லக் கூண்டின் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லாம் ஞாபகம் வந்தது. போன மாதம் அந்தப் பெரிய புழுதிக்காற்று அடித்த அன்று, வடிகட்டியை நம்பி எஞ்சினை விடக்கூடாது என்று ஒரு யோசனை அவனுக்கு உதித்தது. மாவையே துணியில் சலிக்கிறோம், காற்றைச் சலிக்கக்கூடாதா? தலையில் இருந்ததை அவிழ்த்து, மடித்து, குழாயின் வாயில் திணித்து, மேலே மூடியையும் போட்டான். அந்த யோசனையை மறுநாள் எல்லாருக்கும் சொல்லி அசத்துவதாக இருந்தான். மறுநாளோ, புழுதிக்காற்றுக்குள் கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே லாரி ஓட்டிவந்த கதையைச் சொல்வதில் நேரம் போய்விட்டது. துணியைச் சுத்தமாக மறந்தான். புழுதி ஏறி, பனி இறங்கி, அது காய்ந்து, ஷக்ரா ஒரு மாதமாக மூக்கில் மண்சுவரோடு மலை ஏறிக்கொண்டிருந்தது. காற்று போதாத எஞ்சினுக்குக் கொடுத்த டீசல் எல்லாம் எரியாமல் புகையாகப் போயிருக்கிறது. போகாமல் என்ன செய்யும்?

நீலக்கண் ஒட்டுத்தாளை நகத்தால் உரித்தான். எஞ்சினுக்குக் காற்று அடைபட்டால் சிவப்பு காட்டுகிற அந்தச் சில்லில் சிவப்பு அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினான். சிவப்பு இறங்கிப் போனது. எஞ்சினைக் கிளப்பி முறுக்கிப் பார்த்தான். திரும்ப எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் அது கத்திச் சொன்னதைத்தான் கண்படக்கூடாது என்று மூடி வைத்திருக்கிறான்.

அதன்பின் ஷக்ரா ஏறியது. புகை இல்லை. வளைவுகளில் கியரைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சவில்லை. ஒட்டகத்தைக் கடந்தபோது முத்லக் ஒலி எழுப்பினான். அதுகூட ஒரு மனநிறைவுதான்.

மஆனில் டேங்கை நிரப்பியவன், டீசல் அதற்குமேல் இறங்காததைப் பார்த்து, குழாய்தான் அடைத்துக்கொண்டதோ என்று உதறிப் பார்த்தான். சுவைலிமின் லாரி குடித்ததை விட ஷக்ரா குடித்தது ஒரு தேநீர்க் கெண்டி அளவு கூடுதல். உம்மு தலால் கைப்பேசியில் கெண்டியை மன்னித்தாள். அப்படி என்னதான் இருந்தது என்று கேட்டாள்.

"ஏத்தத்துல நிறுத்தி, காத வச்சுக் கேட்டேன் ஹாஜியா," என்றான் முத்லக். "மூச்சுக் குழல்ல ஒரு நுணுக்கமான கோளாறு. எல்லாருக்கும் கேட்டுராது."

காதை வைத்தது உண்மை. கோளாறு நுணுக்கமானது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருக்கலாம்.

மனைவிக்குத் தெரியாமல் ஷமாக்கை மூன்று தண்ணீரில் அலசினான். வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டு விருந்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போனான். திருடனுக்கு மனசாட்சி உறுத்தி, லாரி இருக்கையிலேயே திரும்பப் போட்டுவிட்டுப் போய்விட்டான் என்றான். மாமியார் துணியின் நுனியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"டீசல் வாடை அடிக்குதே. திருடனும் டிரைவர்தான் போல," என்றாள்.

சுவைலிம் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். விருந்து முடிந்து, காப்பி வந்து, அதையும் குடித்து முடித்தபின் சொன்னான்: "இருக்கும்."

அடுத்த வாரம் குவைரா நிறுத்தத்தில் வழக்கம்போல் கூட்டம். முத்லக் தன் காது நகப் ஏற்றத்தில் செய்த சிகிச்சையை விரிவாகச் சொன்னான். போன தடவை சொன்னதை விட இப்போது கதையில் காற்று பலமாக அடித்தது, ஒட்டகங்களும் கூடியிருந்தன. பிறகு, கால் மரத்துப்போய்விட்டது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தான்.

ஷக்ராவின் மறுபக்கம் கூட்டத்துக்குத் தெரியாது. முத்லக் இரண்டு பக்கமும் பார்த்தான். முன் சக்கரத்தில் புறங்கையை வைத்தான், எடுத்தான். அடுத்ததில் வைத்தான், எடுத்தான். பின்னால் ஒன்று மற்றவற்றை விடக் கொஞ்சம் சூடாக இருந்தது. கையை எடுக்காமல் அதன் அருகே குந்தி உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டான்:

"என்ன, உடம்புக்கு முடியலையா?"