மூன்று வெடி

கூடாரத்தின் தரைக்குப் புதிய ஸ்ப்ரூஸ் ஊசியிலைக் கிளைகளை வெட்டி வந்து பரப்பிக்கொண்டிருந்தான் ரோடரிக். பழைய கிளைகளே இன்னும் ஒரு வாரம் தாங்கும். ஆனால் வரப்போகிறவள் ஹாரியட். உள்ளே காலை வைத்ததும் மூக்கைச் சுளித்து மோந்து பார்ப்பாள். பிறகு குனிந்து கிளைகளை விலக்கிப் பார்ப்பாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் புருஷன் முகத்தைப் பார்ப்பாள்.

அணைக்காரர்கள் தண்ணீரைத் தேக்கிய வருஷத்திலிருந்து அவள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய மூத்த பெண், நடை பழகுவதற்குள் போய்விட்ட குழந்தை, பழைய ஏரியின் வடக்கு முனையில் புதைக்கப்பட்டிருந்தாள். அந்த முனை இப்போது நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்ததும் இந்த வேட்டை முகாமுக்கு வரும் அகன்ற வழி அதற்கு நேர் மேலேதான் போகும்.

"எம்புள்ள தலைமேல வண்டி ஓட்டிக்கிட்டு வரணுமா? உனக்கு மனசு வந்தா நீ போ" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. அவன் போனான். தகப்பன் வேட்டையாடிய நிலம், மிச்சமிருப்பதையாவது மிதிக்க வேண்டும் என்று போனான். குளிர்காலம் முழுக்கத் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு, சுவரில்லாத கூடாரத்தில் சுவரோடு பேசிக்கொண்டு கிடந்தான்.

இந்த வருஷம்தான் வருகிறேன் என்றாள். அதற்கு அவன் ஒரு வேலை செய்திருந்தான்.

வழிக்கம்பு நடுவது ரோடரிக்கின் குளிர்காலச் சம்பளம். வேட்டை நிலத்தை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு உதவி என்று சொல்லி, அணைப் பணத்தில் ஒரு திட்டம் வந்தது. உறைந்த தேக்கத்தின் மேல் எங்கே வண்டி ஓட்டலாம் என்று சோதித்து, அந்த வழி நெடுகக் கம்பு நட வேண்டும். ஆற்றை எடுத்துக்கொண்டவர்கள் ஆற்றைக் கடக்கக் கம்பு கொடுக்கிறார்கள் என்று ஊரே சிரித்தது. ரோடரிக்கும் சிரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். வழி இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள். யாரும் வராவிட்டால் இது எங்கள் நிலம் என்று எந்த வாயால் சொல்வது?

செய்தான் என்றால் ஒழுங்காகச் செய்தான். கடப்பாரையால் குத்திப் பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டான். துளை போட்டு, இளம் ஸ்ப்ரூஸ் மரத்தைச் செருகி, தண்ணீர் ஊற்றி உறைய விட்டுவிட்டால், புயலே வந்தாலும் அது அசையாது. ரோடரிக் நட்ட கம்பென்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று ஊரில் பேச்சு.

இந்த வருஷம் அவன் அகன்ற வழியை விட்டுவிட்டு, தெற்கே இடுக்கு வழியாகக் கம்பு நட்டான். முழுகிப்போன இரண்டு குன்றுகளுக்கு நடுவே போகும் வழி அது. இடுக்கில் நீரோட்டம் இருக்கும், இடுக்கை நம்பக்கூடாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. பால் குடிக்கும்போதே சொல்லிக் கொடுக்கிற விஷயம். ஆனால் குத்திப் பார்த்தபோது கை நீளத்துக்குக் கெட்டியாக இருந்தது. அந்த வழியில் போனால் குழந்தையின் மேல் போக வேண்டாம். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று விடிந்ததும் ரேடியோ கரகரத்தது. ஊரில் வீட்டு ரேடியோவிலிருந்து பேசியவன் ஹாரியட்டின் அண்ணன் சின்க்ளேர். மச்சானைக் கேலி செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"என்ன மச்சான், உசுரோட இருக்கியா? இல்ல, கரடி தூக்கிட்டுப் போயிருச்சா?"

"கரடி மோந்து பாத்துட்டு வேணாம்னுட்டுப் போயிருச்சு. கெளம்பியாச்சா?"

"கெளம்பிக்கிட்டே இருக்கோம். ஒம் பொண்டாட்டி மாவு எடுத்து வச்சா, கொழுப்பு எடுத்து வச்சா, ஒனக்குக் காலுறை எடுத்து வச்சா. நான் பெரிய சறுக்குவண்டிய காலியாக் கட்டியிருக்கேன். மானு இருக்கா, இல்ல என்னைய மாவு திங்கத்தான் கூப்புடுறியா?"

"தடம் இருக்கு. கூட்டமாத்தான் போயிருக்கு."

"தடத்தையா திங்கிறது? இதக் கேட்டுக்க. நான் வர்றதுக்குள்ள அடிச்சீன்னா மூணு வெடி வையி. பறந்து வர்றேன். வெடி கேக்கலேன்னு வச்சுக்க, வழியில டீ போட்டுக் குடிச்சுட்டு ஆடி அசைஞ்சு வருவேன்."

பின்னாலிருந்து ஹாரியட்டின் குரல் கேட்டது. "அந்தாளுகிட்ட என்னண்ணே வெட்டிப் பேச்சு? கம்பெல்லாம் சரியா இருக்கான்னு கேளு."

"கேட்டுச்சு" என்றான் ரோடரிக். "நான் நட்டது. பயப்படாம வரச் சொல்லு."

பயப்படாம வரச் சொல்லு. அந்த வார்த்தையை அவன் சிரித்த முகத்தோடு சொன்னான்.

அவர்கள் கிளம்பி வெகுநேரம் கழித்துத்தான் ரேடியோ மறுபடி பேசியது. இந்த முறை ஊர் அலுவலகத்தில் ரேடியோ பார்க்கும் ஜூலியெட். அவள் வழக்கமாகப் பேரன் பேத்தி கதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். இன்று நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ரோடரிக் மாமா, ஒரு சேதி. தெக்க நகரத்துல கடுங்குளிராம், கரண்டு பத்தலையாம். நேத்து ராத்திரியிலேருந்து அணையில எல்லா மிசினையும் ஓட்டுறாங்களாம். தண்ணி வேகமா இழுக்குது, இடுக்குப் பக்கம் யாரும் போகவேணாம்னு இப்பத்தான் சொன்னாங்க."

"நேத்து ராத்திரி தொறந்துட்டு இப்பத்தான் சொல்றாங்களா?"

"எங்கிட்ட கோவிச்சு என்ன மாமா பண்றது?"

"ஹாரியட்டும் சின்க்ளேரும் வந்துக்கிட்டு இருக்காங்க, ஜூலியெட். யாராவது பின்னாலயே போயி நிறுத்துங்க."

"அவங்க விடிஞ்சதுமே போயிட்டாங்களே மாமா" என்றாள் அவள்.

அவர்கள் வண்டியில் ரேடியோ கிடையாது. துப்பாக்கியையும் கோடரியையும் கடப்பாரையையும் வாரிப்போட்டுக்கொண்டு ரோடரிக் பனிவண்டியைக் கிளப்பினான். கையுறை ஒன்று அடுப்போரத்திலேயே கிடந்தது. திரும்பிப் போய் எடுக்கத் தோன்றவில்லை. தான் நட்ட கம்புகளை ஒட்டியே பறந்தான். ஒவ்வொரு கம்பும் விறைப்பாக, நேராக நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வேலையைப் பார்த்து அவன் பயந்தான்.

இடுக்கில் பார்வைக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. நேற்று பெய்த பனி மேலே போர்த்திக்கொண்டிருந்தது. கம்புகளின் அடியில் மட்டும் பழுப்பாக ஈரம் ஊறியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, நடந்துபோய், கடப்பாரையை ஓங்கி இறக்கினான். ஒரே குத்து. கடப்பாரை அப்படியே உள்ளே போனது. அடியில் தண்ணீர் சளசளவென்று ஓடும் சத்தம் அந்தத் துளை வழியாக மேலே வந்தது. அவன் பின்வாங்கினான்.

கெட்ட பனிக்கு இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிறவர்கள் அவர்கள். சுற்றிப் போகலாம் என்றால் கரை முழுக்கச் செத்த மரங்கள். தண்ணீர் இறங்கிப்போனதால் அவற்றின் மேல் பனிக்கட்டி கூரை ஓடுபோல அந்தரத்தில் தொங்கியது. வடக்கே அகன்ற வழியாகப் போனால் இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம். அதுவரை அவர்கள் காத்திருப்பார்களா என்ன?

அப்போதுதான் சத்தம் கேட்டது. வெகுதூரத்தில் ஈ இரைவதுபோல வண்டிச் சத்தம். அகண்ட வெளியில் இரண்டு புள்ளிகள், கம்பு வரிசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தன. முன்னால் வருகிறவன் சின்க்ளேர்தான். அவன் எப்போதும் முன்னால்தான் வருவான்.

ரோடரிக் கத்தினான். காற்று அவன் குரலை அவன் வாய்க்குள்ளேயே திணித்தது. துப்பாக்கியைத் தூக்கினான். கையுறை இல்லாத கை மரத்துப்போயிருந்தது. வானத்தைப் பார்த்துச் சுட்டான். மறுபடி சுட்டான். ஆபத்தென்றால் எத்தனை, எந்த இடைவெளி என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. கேட்க வேண்டும், நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவன் தலையில் இருந்தது. மூன்றாவது முறையும் சுட்டான்.

முன்னால் வந்த புள்ளி நின்றது.

"நின்னுட்டான்" என்றான் ரோடரிக், சத்தமாக, யாருமில்லாத இடத்தில். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நின்னுட்டான், நல்லவன், நின்னுட்டான்."

புள்ளியின் மேலே ஏதோ அசைந்தது. சின்க்ளேர் வண்டியின் மேல் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டினான். மான் அடித்தவனுக்கு இந்த ஊரில் எல்லோரும் ஆட்டுவதுபோல ஆட்டினான். பிறகு உட்கார்ந்தான். எஞ்சின் சத்தம் உயர்ந்தது.

காலையில் ரேடியோவில் கேட்ட குரல் அப்போதுதான் ரோடரிக்கின் காதில் திரும்ப விழுந்தது. மூணு வெடி வையி, பறந்து வர்றேன்.

அவன் துப்பாக்கியைக் கீழே போட்டான். இன்னும் சுட்டால் இன்னும் வேகமாக வருவான். கையை ஆட்டினால், வா வா என்று கூப்பிடுவதாக நினைப்பான். வேறு என்ன இருக்கிறது? கம்பு இருக்கிறது. கம்பு முடிகிற இடத்தில் இந்த ஊர்க்காரன் யாராக இருந்தாலும் நின்றுவிடுவான். ரோடரிக் குப்புறப் படுத்து, கோடரியைக் கையில் பிடித்தபடி பனியின் மேல் ஊர்ந்தான். வயிற்றுக்கடியில் பனி நெளிவது தெரிந்தது. முதல் கம்பைப் பிடித்து ஆட்டினான். அது அசையவில்லை. அவனே தண்ணீர் ஊற்றி உறைய விட்ட கம்பு. படுத்தபடியே வெட்டினான். வெட்டிச் சாய்த்தான். அடுத்த கம்புக்கு ஊர்ந்தான். அதையும் வெட்டினான். அதற்கடுத்தது தண்ணீருக்கு நடுவில் நின்றது. எட்டப் போனபோது முழங்கை வரை நனைந்து, அங்கிக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனையோ கம்புகள் சின்க்ளேருக்கு வழிகாட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுகூடச் சாய்ந்திருக்கவில்லை.

"டேய், வராதடா!" என்று கத்தினான். "மச்சான், வராத! ஐஸ் இல்லடா! ஐஸ் இல்ல!"

சின்க்ளேரின் முகம் தெரிகிற தூரம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டு வந்தான். காலியான சறுக்குவண்டி பின்னால் துள்ளித் துள்ளி வந்தது. ரோடரிக் பனியில் குப்புறக் கிடப்பதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு மாறியது. அவனுக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய வேட்டைக்காரனுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? வண்டியைத் திருப்பக் கைப்பிடியை ஒடித்தான். வண்டி திரும்பவும் செய்தது. ஆனால் பக்கவாட்டில் சாய்ந்தபடியே, பனி உடைந்த துளைக்குள் இறங்கியது. சறுக்குவண்டி அவனுக்குப் பின்னால், கட்டிய கயிற்றோடு, ஏதோ மறந்துவிட்டு ஓடுவதுபோல அவசரமாகப் போய் அதே துளைக்குள் விழுந்து, பாதியில் செருகிக்கொண்டு நின்றது.

சத்தமே இல்லை. எஞ்சின் சத்தம் இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது.

ஹாரியட் பின்னால் நிறுத்திவிட்டாள். இறங்கினாள். அண்ணனின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடினாள். நாலு அடி ஓடியதும் நின்று, படுத்து, கயிற்றை எடுத்துக்கொண்டு ஊர்ந்தாள். இந்த நிலத்தில் பிறந்தவள், அழுதுகொண்டே சரியாகச் செய்தாள். ரோடரிக் பார்த்துக்கொண்டு கிடந்தான். போகாதே என்று கத்தக்கூட அவனுக்குத் துணிவில்லை. அவன் சொன்னதெல்லாம் இன்று வேறாக முடிந்திருந்தது.

அவள் கயிற்றை வீசினாள். இழுத்தாள். மறுபடி வீசினாள். கறுப்புத் தண்ணீர் பனிக்கட்டிக்கு அடியில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. எங்கோ தெற்கே ஒரு நகரத்தின் விளக்குகளுக்காக அவ்வளவு வேகமாக ஓடியது. மேலே வந்தது ஒரு தோல் கையுறை மட்டும்தான். அதுவும் அவள் எட்டிப் பிடிப்பதற்குள் அடியில் போய்விட்டது.

எவ்வளவு நேரம் கழித்தோ அவள் தலையை நிமிர்த்தினாள். இடுக்குக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன், நடுவில் தண்ணீர். காற்று சற்று அடங்கியிருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால் இருக்கும் கரையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தேடிப் பார்த்தாள். துளையில் செருகி நின்ற காலிச் சறுக்குவண்டியைப் பார்த்தாள்.

"மான் எங்கய்யா?" என்று கேட்டாள்.

அவள் கத்தவில்லை. ஆனாலும் கேட்டது. ரோடரிக் வாயைத் திறந்தான். உன்னை நிறுத்தத்தான் சுட்டேன் என்று சொல்ல வேண்டும். குழந்தையின் மேல் நீ வரக்கூடாது என்றுதான் இந்த வழியில் நட்டேன் என்று சொல்ல வேண்டும்.

"மூணு வெடி கேட்டுச்சேய்யா. எண்ணிக்கிட்டே வந்தாரே எங்கண்ணன். மான் எங்க?"

அவள் மறுபடியும் கேட்பதற்குள் அவன் கெட்டியான பனிக்குப் பின்னோக்கி ஊர்ந்து வந்து எழுந்தான். வெட்டிய கம்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வடக்கே திரும்பினான். அவளிடம் போய்ச் சேர இப்போது அகன்ற வழி மட்டும்தான் இருந்தது. அதில் ஒரு கம்பும் இல்லை. அடிக்கு அடி குத்திப் பார்த்துக்கொண்டு, மகள் இருக்கும் இடத்துக்கு மேலாக நடந்துதான் போக வேண்டும். போய்ச் சேரும்போது இருட்டிவிடும். அங்கே அவள் அதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பாள்.

கடப்பாரையைக் குத்தினான். கெட்டியாக இருந்தது. ஓர் அடி எடுத்து வைத்தான்.