கபிரியேல் உயிர்ப்பித்த மச்சான்

திங்கள்சந்தைக்குப் போகிற வழியில் செசிலி மீன் கடவப்பெட்டியோடு குப்புற விழுந்தபோது நல்ல கூட்டம் கூடியது. கூடியவர்கள் மீனைப் பொறுக்கினார்கள். ததேயுஸ் மட்டும் அவளைத் தூக்கினார்.

அது 1932-ஆம் வருஷம். செசிலிக்கு நாற்பது தாண்டியிருந்தது. கட்டியவன் கல்யாணமான மறு வருஷமே கொழும்புக்குப் போய், அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்தினான். அன்றிலிருந்து அவள் அண்ணன் கபிரியேல் வீட்டில்தான் இருந்தாள். காலையில் மீன் விற்றாள். மிச்ச நேரமெல்லாம் அந்த வீட்டுக்குப் பொங்கிப்போட்டாள். பிறகு கட்டியவன் அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனதாகத் தகவல் வந்தது. பங்குச் சாமியார் கொழும்பில் விசாரித்து உறுதி செய்தபின் கபிரியேல் மரித்தோர் பூசை வைத்தான். நெஞ்சில் அடித்துக்கொண்டு அவன் அழுத அழுகையை ஊர் இன்னும் மெச்சிக்கொண்டிருந்தது. செசிலி அழுதாளா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ததேயுசுக்கு வாலிபத்தில் திருக்கை மீனின் வால் அடித்து ஒரு கண்ணும் பாதிக் கன்னமும் போயின. நிச்சயித்திருந்த பெண் ஒருமுறை வந்து பார்த்தாள். மறுநாளே சம்பந்தம் முறிந்தது. அதன்பின் அவர் கடற்கரையின் மேற்கு மூலையில் குடிசை போட்டுத் தனியாக இருந்தார். யாரிடம் பேசினாலும் நல்ல பக்கத்தையே காட்டி நிற்பார். சவப்பெட்டி தூக்க ஆள் குறையும்போது மட்டும் ஊருக்கு அவர் ஞாபகம் வரும்.

முறிந்த காலைச் செசிலி ஊன்றவே கூடாது என்று கட்டுப்போட்ட வைத்திய ஆசான் சொல்லிவிட்டார். ஊன்றாத காலுக்கு வீட்டில் இடமில்லை என்று கபிரியேலின் மனைவி சொன்னாள். செசிலியை வலைக்கொட்டகையில் படுக்கவைத்தார்கள். கடல் காற்று எலும்புக்கு நல்லது என்று கபிரியேல் வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கம் சொன்னான்.

ததேயுஸ்தான் தினமும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுபோனார். முதல் நாள் ஒரு வாய் தின்றுவிட்டு அவள் சொன்னாள்:

“இத தின்னா காலு தன்னால எந்திச்சு ஓடிரும்.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் முகத்தைத் திருப்ப மறந்து, பிறகு அவசரமாகக் கையால் மறைத்தார்.

“மூடாதேயும். நான் மீன் விக்குதவ. இதவிட மோசமான மொகத்தோட எல்லாம் பேரம் பேசியிருக்கேன்.”

அன்றிலிருந்து அவர் அவளுக்கு எதிரில் நேராக உட்கார்ந்தார். அவள் பேசுவாள், அவர் கேட்பார். கால் தேறி அவள் நடக்கத் தொடங்கியபோது அவருக்குச் சந்தோஷத்தைவிடப் பயமே அதிகமாக இருந்தது. தன் குடிசைக் கூரை ஒழுகுகிறது, தன் சமையல் எப்படியென்று அவளுக்கே தெரியும் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

“கூரைய நீரு கெட்டும். அடுப்ப நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள் செசிலி.

இவர்கள் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் சாமியார் மூன்று ஞாயிறு அறிவித்தார். இந்த இருவரும் சாப்பிட்டார்களா என்று ஒருநாளும் கேட்காத ஊர், இப்போது அவர்களுடைய ஆத்துமத்தை நினைத்துத் தூக்கம் கெட்டுத் தவித்தது. மூன்றாம் ஞாயிறு கபிரியேல் எழுந்தான். வீட்டில் பொங்க ஆளில்லாத துயரம் அவனை மெலியவைத்திருந்தது. மச்சான் சாகவில்லை, கொழும்பில் உயிரோடு நடமாடுகிறார் என்றான்.

அப்படியானால் யாருக்காகப் பூசை வைத்தாய் என்று சாமியார் கேட்டார். துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டதாம். நேரில் பார்த்தவர் யார் என்று கேட்டதற்குப் பெயர் நினைவில்லையாம்.

பெண்கள் பக்கத்திலிருந்து செசிலி எழுந்தாள்.

“அந்த ஆளு வந்தா வரட்டும் சாமி. அண்ணனே வீட்டுல வச்சு சோறு போடட்டும். நான் இனி அங்க பொங்கப் போவமாட்டேன்.”

சாமியார் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைச் சிலர் பார்த்தார்கள்.

கல்யாணத்துக்குக் கபிரியேல் வரவில்லை. அவன் மனைவி வந்து, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று பக்கத்துப் பந்தியில் விசாரித்தபடியே இரண்டு முறை சாப்பிட்டாள். ஒரு மாதத்தில் பிரிந்துவிடுவார்கள் என்று ஊர் கணித்தது. மாதங்கள் போயின, ஊருக்குப் பெரிய ஏமாற்றம்.

சாயங்காலங்களில் கரையேற்றிய கட்டுமரத்தில் உட்கார்ந்து ததேயுஸ் கிழிந்த வலை பொத்துவார். செசிலி பக்கத்திலிருந்து சந்தைக் கதைகளை ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தினால், என்ன ஆச்சு என்பதுபோல் அவர் நிமிர்ந்து பார்ப்பார்.