ஒன்றும் தெரியாதவள் எண்ணுகிறாள்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: கதை எழுதுகிறவள்தான் என்றாலும், இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற ஒரே தகுதிக்காக என்னை ஒரு வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். கதை அங்கே கிடைத்தது. சேர்த்துவிட்டவள் என் தங்கை. மூளையின் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற நோய்களைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறாள். இது ஐந்தாவது வருடம்.

2.

'ஆய்வுக்கூடத்தில் மௌனம் கனத்திருந்தது.' (பொய். அங்கே குளிர்பெட்டி எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும்.)

'அந்த எலிகளுக்குத் தெரியாது, தாங்கள்' (எலியின் மனதுக்குள் புகுந்து எழுத எனக்கு என்ன உரிமை? விட்டுவிட்டேன்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். கைகால் நடுங்கும் நோயான நடுக்குவாதம் வரவைக்கப்பட்ட எலிகள். பாதிக்கு ஒரு புது மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். பிறகு மூளையை மெல்லிய சீவல்களாக நறுக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் படமெடுத்து, தப்பிப் பிழைத்த நரம்பணுக்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒரு பழுப்புப் புள்ளி என்றால் ஓர் அணு. மருந்து வாங்கியது எந்த எலி என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. அதனால் படங்களின் மேல் வெறும் எண்தான் இருக்கும்; எந்த எண் எந்த எலி என்ற பட்டியல் டெக்னீஷியனிடம் பூட்டிக் கிடக்கும்.

என் தங்கை ஏழு மாதம் எண்ணினாள். நூற்றுப்பத்தாவது படத்தில் கை நின்றுவிட்டது. சில படங்களில் பழுப்பு அழுத்தமாக இருந்தது. மருந்துக் கூட்டத்துக்கு ஒரு நாள், மற்றதற்கு மறுநாள் என்று சாயமேற்றியவள் அவளேதான். முதல் நாள் சாயம் கொஞ்சம் தூக்கலாக இறங்கியிருக்கிறது. அதாவது, பல வாரங்களாக அவள் கண்ணுக்கு விடை தெரிந்திருக்கிறது. அழுத்தமான படங்களில் அரைகுறைப் புள்ளியைக்கூடத் தாராளமாகச் சேர்த்திருந்தாள்.

3.

(இந்த இடத்தில் ஒரு வில்லன் இருந்தால் நன்றாக இருக்கும். அவளுடைய நெறியாளரை அப்படி ஆக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இதை வெளியே யாரிடமும்" என்று அந்த அம்மா ஆரம்பித்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

இரண்டு நாள் வாயே திறக்கவில்லை என் தங்கை. சொன்னால் ஏழு மாத உழைப்பு வீண், பட்டம் தள்ளிப்போகும். சொல்லாவிட்டால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அவள் எண்ணிக்கையில் மருந்து ஜெயித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் போய்ச் சொல்லிவிட்டாள். நெறியாளர் திட்டவில்லை. எடுத்துவைத்திருந்த மிச்சச் சீவல்களுக்கெல்லாம் ஒரே நாளில் சாயமேற்றி, புதுப் படம் எடுத்து, புது எண் போடச் சொன்னார். இந்தத் தடவை நீ எண்ணாதே, எதுவும் தெரியாத ஆளாகப் பிடித்து வா என்றாராம்.

"உடனே உன் ஞாபகம்தான்க்கா வந்துச்சு," என்றாள்.

அன்று அவள் அழுததாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். உண்மையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் முழுக்கத் தூங்கினாள்.

4.

இப்போது சனிக்கிழமை காலைகளில் அவள் மேஜையில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுகிறேன்.* கதை எழுதிய இத்தனை வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. சந்தோஷமாக இருக்கிறது.

(* பயிற்சிப் படங்களில் தூசியையும் சேர்த்து எண்ணினேன். அதை இங்கே விவரிக்கப்போவதில்லை.)

போன வாரம் ஒரு படத்தில் புள்ளிகள் நிறைய இருந்தன. இது மருந்து எலிதான் என்று மனம் கதை கட்ட ஆரம்பித்தது. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்த புள்ளியையும் சேர்த்துவிட்டேன். விதிப்படி அது சேராது. தங்கையிடம் சொன்னேன். அழித்துவிட்டு முதலிலிருந்து எண்ணச் சொன்னாள்.

"மருந்து வேலை செய்யணும்னு நான் ஆசப்படக் கூடாதாடி?"

"நல்லா ஆசப்படு. எனக்கு மட்டும் இல்லையா? எண்ணும்போது வேணாம், அவ்ளோதான்."

5.

இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதியிருந்தேன். ஒன்றில் மருந்து வேலை செய்தது, இன்னொன்றில்

இரண்டையும் கிழித்துப் போட்டாயிற்று. முடிவை எழுதிவிட்டால் என் விரல் அந்தப் பக்கம் சாயும். இன்னும் நாற்பத்தொரு படங்கள் பாக்கி இருக்கின்றன.

முடிவு வேண்டும் என்பவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது கை நடுங்குகிறது என்றால், நல்லபடியாகத்தான் எழுதுவீர்கள். எழுதுங்கள். நான் எண்ணி முடிக்கும்வரை என்னிடம் மட்டும் காட்டாதீர்கள்.