சுகிர்தபாயின் அனுமதி தேவை

‘இந்த ஃபோல்டரில் மாற்றம் செய்ய சுகிர்தபாயின் அனுமதி தேவை’ என்று கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் சொன்னபோது, சுகிர்தபாய் இறந்து எட்டு மாதமாகியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். முப்பத்தாறு வருடமாக, பலாப்பழம் வெட்டுவதற்கும் என் தலைமுடியை வெட்டுவதற்கும் அவளிடம் கேட்டவன்தான் நான். இப்போது எங்கே போய்க் கேட்பது?

அவளுடைய செல்போனின் பேட்டரி வீங்கி, பின்மூடி எழும்பிவிட்டிருந்தது. ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்று பாறசாலைக் கடைக்காரர் ஷாஜி சொல்லிவிட்டார். மகள் லிஷாவின் பிரசவத்துக்காக பஹ்ரைனில் மூன்று மாதம் இருந்தபோது அவள் எனக்கு அனுப்பிய குரலும் வீடியோவும் எல்லாம், என் போன் தொலைந்தபின், அதற்குள் மட்டும்தான். பென்டிரைவில் வைக்கலாமென்றால், ஏற்கனவே இரண்டு பென்டிரைவுகளைச் சட்டைப்பையோடு துவைத்தவன் நான். கம்ப்யூட்டரிலோ துளி இடமில்லை. பூவார் பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் கண்டக்டராக இருந்து, ஒரு ஆளிடம்கூட இடமில்லை என்று சொல்லாத என்னிடம் அது சொன்னது.

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை பழைய சிஸ்டத்தின் நகல்கள். அவற்றை அழிக்கப் போனபோதுதான் கம்ப்யூட்டர் அனுமதி கேட்டது. இரண்டுமுறை புது சிஸ்டம் போட்டபோதும், பழையது அப்படியே ஒரு ஓரமாகக் கிடக்கட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். நான் டீச்சருக்க ஆளு.

அடுத்த வீட்டு லேகா, அக்ஷயா என்ற அரசு இ-சேவை மையத்தில் வேலை செய்பவள். ஞாயிறு மதியம் வந்தாள். அவளுக்குப் பால் விடாத கட்டன் சாயா போட அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மாமா, இதுக்க ஓனரு டீச்சராக்கும். நீங்க வாடகைக்கு இருக்கிய ஆளு.”

“அது எனக்கு முன்னமே தெரியும் மக்கா.”

“ஓனருக்க பேர மாத்தினா அழிச்சுக் களஞ்சிரலாம். மாத்தட்டா?”

கிராம அலுவலகத்தில் வீட்டை என் பேருக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டபோது கை தயங்கவில்லை. இப்போது தயங்கியது. செல்போனை ஒருமுறை பார்த்தேன். மூடி இன்னும் கொஞ்சம் எழும்பியிருந்தது.

“மாத்து.”

லேகா என் பேரை அடித்தாள். மறுபடி அடித்தாள். “ராஜையான்னு ஒரு ஆளே இல்லன்னு சொல்லுது மாமா.”

“பின்னே இங்க இருக்கியது ஆரு?”

பட்டியலைத் திறந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டே பேர்கள் இருந்தன. முதலாவது சுகிர்தபாய். இரண்டாவது, கண்டக்டர். திறக்கும்போது தெரியும் முகப்பில் என் பேரை அழகாக எழுதி வைத்துவிட்டு, உள்ளே இப்படிப் பதிந்திருக்கிறாள். என்னிடம் அவள் முதன்முதலாகப் பேசியதே, “கண்டக்டரே, ஸ்கூல் முக்குல எறங்கணும்” என்றுதான். பிறகு கோபம் வரும்போதெல்லாம் அந்தப் பேர்.

கண்டக்டர் என்று அடித்ததும் கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. இரண்டு லட்சத்துச் சொச்சம் ஃபைல்கள். அவை ஒவ்வொன்றாக அழிவதை, கூட்டம் இறங்கி முடியட்டும் என்று படிக்கட்டில் நிற்பவனைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு லேகா செல்போனில் இருந்தவற்றை ஏற்றத் தொடங்கினாள்.

“சரியா வருதான்னு ஒண்ணப் போட்டுப் பாக்கட்டா மாமா?”

எட்டு மாதமாக நான் எதையும் போட்டுக் கேட்கவில்லை. தலையாட்டினேன்.

ஸ்பீக்கர் கரகரத்தது. தூரத்தில் ஒரு குழந்தை அழுதது. அதற்கு மேலே அவள் குரல்.

“கேட்டியளா? கேஸ் அடச்சாச்சா? சும்மா ஆங்னு சொல்லாண்டாம். போய்ப் பாத்துட்டுச் சொல்லணும் கண்டக்டரே.”

எழுந்து போனேன். பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடி கருத்துப் புகைந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன்.

“ஐயோ மாமா, என்னமோ கரியுது!” என்றாள் லேகா. அதற்குள் அடுத்தது ஓடத் தொடங்கியிருந்தது. “பின்னே, பொறவாசல் கதவு...”

திரும்பினேன். பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. லேகா வீட்டுக் கோழி ஒன்று, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, படியில் நின்று என்னைப் பார்த்தது.